ஒரு வாய் தண்ணீர்

“கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கஸ்டமர் விவரம் காட்டற பேஜ் வந்துடுதேப்பா! என்ன பண்ணினே?” என்று புரோகிராமரிடம் கேட்டார் மேனேஜர்.

“யாருக்கும் வேண்டாத கோடிங்கைத் தூக்கினேன் சார். படங்களைச் சுருக்கினேன். பாதிக்கு மேல குப்பைதான்.”

“இதை வச்சு வேலை பார்க்கற கால் சென்டர்காரங்க கேட்கவே இல்லையே. எதுக்கு ஒரு மாசமா மாடு மாதிரி உழைச்சே?”

“அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க சார். லோட் ஆகறதுக்குள்ள உயிர் போகுதுன்னு தினமும் புலம்புவாங்க.”

“இனிமே உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க, போ.”

வீட்டில் அவன் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். குரல் கட்டியிருந்தது. அவளிடம் அவன் இதைப் பற்றி இதுவரை மூச்சு விட்டதில்லை.

“இன்னிக்கு வேலை எப்படிம்மா?” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“கேட்காதீங்க. அந்த பேஜ் இப்பத் தட்டினதும் வந்து நிக்குது.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? முன்னாடி திட்டிக்கிட்டே இருந்தாலும், அது சுத்தற நேரத்துல ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ன்னு சொல்லிட்டு ஒரு வாய் தண்ணி குடிப்பேன். இப்ப அதுவும் போச்சு. வேகமா வருதில்ல, தினம் இன்னும் இருபது கால் கூட எடுக்கணுமாம்.”

அவன் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரே மூச்சில் குடித்தாள்.

“எவன் பார்த்த வேலையோ! அவன் பொண்டாட்டி ஒரு நாள் என் சீட்டுல உட்கார்ந்து பார்க்கணும். அப்பத்தான் அவனுக்குப் புத்தி வரும்.”

அவன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டான்.

“இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமா?” என்றான்.