கட்டத்தில் ஏறாத கோபம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் அக்காள் தங்கை கதை சொல்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த செண்பகவல்லிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் எல்லோரையும் போலத் தன்னிலிருந்து ஓர் இழையைப் பிரித்தாள். பார்வைக்கும் பேச்சுக்கும் அது அச்சு அசல் அவள்தான். ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த அக்காள் மரகதத்துக்குத் துணையாக அதை அனுப்பினாள்.

ஆனால் படிவத்தில் நாம் நிரப்பிக் கொடுப்பது மட்டுந்தான் இழைக்குத் தெரியும். எண் கட்டத்தில் எண்தான் ஏறும், தேதிக் கட்டத்தில் தேதிதான் ஏறும். படுக்கை எண், மருந்து வேளை எல்லாம் நிரப்பினாள். அம்மா செத்ததற்குச் சொல்லியனுப்பாத அக்காள்மேல் ஆறு வருஷம் வைத்திருந்த கோபமும், அது இப்போது ஆறிப்போன சேதியும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. 'சாயங்காலம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்' என்று விட்டுவிட்டாள்.

மரகதம் தங்கையே வந்துவிட்டாள் என்று இழையின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, எம்மேல உள்ள கோவம் தீந்துட்டா?"

"எந்தக் கோவம்க்கா?"

"சாவப்போறவகிட்டயும் குத்திப் பேசுதியே." கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செண்பகவல்லி ஓடி வந்தபோது அக்காளின் முகத்தை மூடியிருந்தார்கள். இழை எழுந்து நின்று, "மருந்தெல்லாம் வேளைக்குக் குடுத்துட்டேன்" என்றது.

உங்கள் வீட்டில் சொல்ல வேண்டியதை உங்கள் வாயே சொல்லட்டும். கேட்க வேண்டியவர்கள் நூறு வயது இருக்கட்டும், கண்ணுகளா.