சந்தனம் பூசிய மூடி

ஆயுத பூஜையன்று ஒரு பழைய காரின் பெட்ரோல் டேங்க் மூடியில் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார்கள். அன்றிலிருந்து மூடிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நாலு கிலோமீட்டர் ஓடியதும் கார் நின்றுவிட்டது. "அண்ணே, உங்க பிளக்கை மாத்தணும்," என்று என்ஜினுக்கு வைத்தியம் சொன்னது மூடி. மெக்கானிக் சவரிமுத்துவும் அதையே நினைத்து மாற்றினார். கார் மறுபடியும் நின்றது.

"அப்போ பம்புதான். அது மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

பம்பையும் மாற்றினார். அப்புறமும் நின்றது.

"தாகமா இருக்கு தம்பி, ஒரு சொட்டு இறங்க மாட்டேங்குது," என்று முனகியது என்ஜின்.

"பெட்ரோல் இருக்கான்னு என்னைத் திறந்து பார்த்தா மட்டும் உடனே கிளம்புறீங்களே! எல்லாம் என் ராசிண்ணே!"

அடுத்த முறை சவரிமுத்து மூடியைத் திறந்தபோது, டேங்க் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. அவர் மூடியை உற்றுப் பார்த்தார். டேங்குக்குள் காற்றுப் போனால்தான் பெட்ரோல் இறங்கும்; அந்தக் காற்றுப் போகிற ஊசித்துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துக் குத்திவிட்டார். கார் நிற்காமல் ஊரையே சுற்றி வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் வந்ததும், "எனக்கு வேண்டாம்பா, ஹாரனுக்கு வைங்க," என்று அலறியது மூடி.

"ராசி போயிடுமே தம்பி!" என்றது என்ஜின்.

"போகட்டும்ணே. ஒரு வருஷமா அது இல்லாமத்தானே ஓடிக்கிட்டிருக்கோம்."