போகாத வாகனங்கள்

வாசிகசாலைச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. போர் நெருங்கியபோது ஓர் உலக அமைப்பு அந்த ஊரைக் கைவிட்டுப் போன கதை அது. அமைப்பின் வளவு வாசல் படலைக்கு வெளியே சனம் கைகளை உயர்த்தி, போகவேண்டாம் என்று கெஞ்சியது. வெள்ளை வாகனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. பார்த்துக்கொண்டிருந்த சிவமலர் எழுந்தாள். கூட்டத்தில் முதுகு காட்டி நின்ற நீலச் சட்டைக்காரன், வாகனங்கள் போன அந்த வாரம் காணாமல்போன அவள் கணவனைப் போல இருந்தான்.

“தம்பி, கொஞ்சம் பின்னுக்கு விடுங்கோ.”

படம் போட்ட நிரோஜன் ரிமோட்டை அழுத்தினான். வாகனங்கள் பின்பக்கமாகவே ஊர்ந்து வளவுக்குள் வந்தன. உயர்ந்த கைகள் தாழ்ந்தன. மறுபடி ஓடவிட்டான். அந்த மனிதன் திரும்பவில்லை.

நாலாம் முறை, பின்வரிசையில் ஒருவர் சலித்துக்கொண்டார். “முழுப்படத்தையும் பாக்க விடு பிள்ளை. அவங்கள் செய்த அநியாயம் இனித்தான் வருது.”

“அது எனக்குத் தெரியும் அண்ணை. நான் அதுக்குள்ளதான் இருந்தனான். அவர் ஒருக்காத் திரும்பினாப் போதும்.”

நிரோஜன் மீண்டும் பின்னுக்கு விட்டான். கடைசி வாகனமும் வளவுக்குள் வந்து சேர்ந்தது.

“இதில நிப்பாட்டுங்கோ” என்றாள்.

“அவர்தானோ அக்கா?”

“தெரியேல்லத் தம்பி. ஆனா இந்த வாகனக்காரர் இன்னும் போகேல்லத்தானே.”

நிரோஜன் படம் பார்க்க வந்தவர்களைப் பார்த்தான். ஓடவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை.