முதல் துண்டு

கிரோகா ஊர்ச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் செப்புக் கொப்பரையில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. உருகிய பன்றிக் கொழுப்பில் கறி கொதிக்க, கடைக்காரர் குண்டு அதைக் கிளறுகிறார். தேவையே இல்லாமல் மறுபடி கிளறுகிறார். 'குண்டு' என்பது கல்யாணமானதிலிருந்து மனைவி நியேவெஸ் கூப்பிடும் செல்லப் பெயர். இப்போது ஊருக்கே அவர் குண்டுதான்; சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இதயக் குழாயில் கொழுப்பு அடைத்திருக்கிறதென்று டாக்டர் நேற்றுத்தான் சொன்னார். ஒவ்வொரு கொப்பரையிலும் முதல் துண்டு எப்போதும் குண்டுக்கு. பொரிந்த தோல் ஒன்று விளிம்பில் மினுங்க, விரல்கள் அதனிடம் போகின்றன, கரண்டிக்குத் திரும்புகின்றன, மறுபடி போகின்றன. "என்ன குண்டு, ருசி பாக்காமலே விக்கிறியா?" என்று வரிசையில் ஒருவன் சீண்டுகிறான். விரல்கள் தோலைத் தொட்டுவிட்டன. பக்கத்தில் சோள ரொட்டி சுடும் நியேவெஸ் நிமிரவில்லை. "எவரிஸ்தோ, கைய எடு." யாரைக் கூப்பிடுகிறாள் என்று குண்டு ஒரு கணம் சுற்றிலும் பார்க்கிறார்.