ஏழு குறைகள்

"இப்பவாவது மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன். பதினோரு மணிக்கு உங்க மக வந்து இறங்குறா."

மனைவியின் குரல் கேட்டும் அவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. சென்ற முறை வேலை மிகுதி என்று சொல்லி மகளை விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வரவைத்தவர் அவர். மூன்றாண்டுகளாகத் தொலைபேசியில் அவள் அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை. 'இந்த முறை நானே வருவேன்' என்று வாக்குக் கொடுத்து, வண்டியைக் கழுவித் துடைத்து, அழகு செய்து வைத்தார். மறுநாளிலிருந்து அது உயிர்பெற மறுத்தது.

"மெக்கானிக் வந்தா தலையில மிளகா அரைச்சிடுவான். எல்லாம் நெட்ல இருக்கு. எனக்கென்ன படிக்கத் தெரியாதா?"

மூன்று நாளாய்ப் படித்தார். பழைய வண்டியென்றால் நாலு பேர் தள்ளினால் ஓடும். இதிலோ தொட்ட இடமெல்லாம் கம்பி. குறைகாட்டும் கருவியொன்றைத் தருவித்துச் சொருகினார். குறை ஏதுமில்லை என்றது. அவர் நம்பவில்லை. கண்ணில் பட்ட இணைப்புகளையெல்லாம் கழற்றி மாட்டிச் சோதித்தார். பிறகு அதே கருவி ஏழு குறைகளை அடுக்கிற்று. தம் ஐயம் மெய்யானதில் அவருக்கு அப்படியொரு பூரிப்பு! துயிலெழுப்பும் பாட்டு ஒன்றுதான் பாடவில்லை. வண்டி கண் விழிக்கவில்லை.

பத்து மணிக்குப் பொறுமையிழந்த மனைவியே மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள்.

"ஃப்யூவல் பம்ப் அவுட். கம்ப்யூட்டரும் போயிருக்கு. ரெண்டையும் மாத்திடுங்க" என்று வந்தவனுக்கு முந்திக்கொண்டு சொன்னார் அவர், முகத்துக் கரியோடு.

மெக்கானிக் பானெட் பக்கமே போகவில்லை. "சார், என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கறது என் வேலை. எப்போலேர்ந்து தொந்தரவு? அதுக்கு முன்னாடி புதுசா என்ன செஞ்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணுமே செய்யலையே. கழுவினேன். காலடியில புது மேட் வாங்கிப் போட்டேன், நல்லா தடிமனா..."

மெக்கானிக் குனிந்து அந்த மேட்டை உருவி வெளியே போட்டார். கிளட்சை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். வண்டி உறுமியது.

"இந்தக் கால வண்டி, கிளட்சை அடிவரைக்கும் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். மேட் தடுத்துச்சு, அவ்ளோதான்."

"அப்போ அந்த ஏழு குறை?"

"அது வண்டிக்கு வந்ததில்ல சார், நீங்க கழட்டி மாட்டினதுல வந்தது."

மனைவி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். "நல்லா சொல்லுங்க. மூணு நாளா நெட்டே கதின்னு கிடக்கறார், நான் சொன்னா ஏறாது."

"நெட்ல பாத்து நீங்களே எல்லாம் முடிவு பண்றதா இருந்தா, நடுவுல நான் எதுக்கு சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. வாக்கைக் காப்பாற்றும் அவசரத்தில் ஓட்டுநர் இருக்கையில் ஏறியபடியே கேட்டார்: "ரொம்பத்தான் பேசறீங்களே, எங்கே கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"உங்ககிட்டதான். நெட்ல பாத்துட்டு, நெஞ்சு வலி, ஹார்ட் அட்டாக்தான்னு போன வாரம் ஓடி வந்தேனே... இதையே சொல்லித் திட்டி, வாய்வுக்கு மாத்திரை குடுத்து அனுப்பினீங்க. இன்னைக்குச் சட்டை போட்டிருக்கேன்ல, அதான் அடையாளம் தெரியல, டாக்டர்!"