கடலில் நிற்கும் புள்ளி

கேளிக்கைப் பூங்காவின் அலைக்குளத்தில் மதிய வெயில் உடைந்து உடைந்து மினுங்குகிறது. உப்பு வாசனையே இல்லாத அலை. அலை வருவதைச் சொல்லும் சைரன் ஒலித்ததும் குளத்துக்குள் எல்லோரும் கூச்சலிடுகிறார்கள். பட்டினச்சேரியிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் வினிதா மட்டும் கரையில் உட்கார்ந்திருக்கிறாள். "இன்னிக்கு ஒருநாளாச்சும் போன மறந்துட்டு புள்ளையோட வெளையாடுங்க அண்ணி." மற்ற எல்லாருடைய போனையும் அணைத்து வாங்கிப் போட்ட துணிப்பையை அவளிடம் நீட்டுகிறான் கொழுந்தன் முகிலன். அவள் போனில், குடும்பத்தார் இருக்குமிடம் காட்டும் செயலி திறந்திருக்கிறது. இரண்டே புள்ளிகள். ஒன்று அவள். இன்னொன்று காரைக்காலுக்குக் கிழக்கே, நீலத்தின் நடுவே, அவள் கணவன் அருள்மணி. விசைப்படகு ஆழத்துக்குப் போய் சிக்னல் விட்டுப்போனால் அவன் புள்ளி எப்போதும் அந்த இடத்தில்தான் நிற்கும். நாலைந்து நாளில் மெல்லக் கரைப்பக்கம் நகரும். இந்தமுறை நின்று எட்டு மாதம் ஆகிறது. வினிதாவின் விரல் பொத்தானை அழுத்துகிறது. அணைக்கவா என்று திரை கேட்கிறது. நனைந்த சின்னக் கையொன்று அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. மகள் பாரதிப்ரியா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறாள். "அணைக்காதம்மா. நாம இங்க வந்துருக்கோம்னு அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"