மூன்று முறை படித்தவர்

திண்ணனூர் மலைநாட்டு வாசகர் சபை ஞாயிற்றுக்கிழமைதோறும் காப்பித் தோட்டக்காரர் ஆறுமுகசாமியின் வீட்டுக்கு முன்னால், பலா மரத்தடியில் கூடும்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, இப்போது என்ன புத்தகம் படிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். நன்றாயிருந்தால் மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். சிபாரிசு செய்த புத்தகத்தை யாரும் இரவல் கேட்பதில்லை. அது விதியில் இல்லை. மரியாதை.

சபையில் சாய்வு நாற்காலி ஒன்றே ஒன்று. அதிகம் படித்தவருக்கு அது. பல வருஷமாக ஆறுமுகசாமிதான் அதில் சாய்ந்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் மருதாசலம் பல வருஷமாகப் பெஞ்சியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஆறுமுகசாமி எழுந்து, புதுச்சேரியிலிருந்து தருவித்த 'நுகத்தடி முறிந்தது' என்ற புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டதாக அறிவித்தார்.

"ஆறாம் அத்தியாயம் வந்தா மனுசன் அழுவாம இருக்க முடியாதுங்க. எல்லாரும் கட்டாயம் படிக்கோணும்" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார்.

தானும் படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி மருதாசலமும் துடைத்தார். மிளகு வியாபாரி அர்த்தனாரி விசும்பியே விட்டார். சாமைக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பாவாயி நின்று, "ஏனுங்க, ஊட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அது சர்க்கார் தடை செய்த புத்தகம் என்பது சபைக்குத் தெரியாது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்ததற்கு மறுவருஷம் அது. அச்சில் வருவதையெல்லாம் சர்க்கார் சபையைவிடக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தது.

இந்த வாரம் சப்-இன்ஸ்பெக்டர் சின்னராசு ஒரு கான்ஸ்டபிளோடு மலையேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டார்:

"அந்தப் புஸ்தகத்தை வச்சிருந்தாப் பறிமுதல். படிச்சுட்டு அடுத்தவங்களையும் படிக்கச் சொன்னா ஜெயிலு. யார் யாரு படிச்சீங்க?"

சபை தரையைப் பார்த்தது.

"வாத்தியாரே, நீங்க படிக்கறதாத் தகவலு?"

"நானுங்களா? எனக்குக் கண்ணே செரியில்லீங்க."

"நீங்க அழுதீங்களாமே?" என்று அர்த்தனாரி பக்கம் திரும்பினார்.

"பெரிய மனுசர் அழுவறப்ப நாம சும்மா உக்காந்திருந்தா நல்லாருக்குங்களா?" என்றார் அர்த்தனாரி.

எல்லோர் பார்வையும் சாய்வு நாற்காலியில் வந்து நின்றது. ஆறுமுகசாமிக்கு வேர்த்துவிட்டது.

"படிச்சது நாந்தானுங்க. உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

உள்ளே போனதும் கதவைச் சாத்தி, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சின்னராசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆறுமுகசாமியைப் பார்த்தார்.

"என்னங்க இது! இதைக் கோர்ட்டுல காட்டினாப் போதுமே, வேற சாட்சியே வேண்டாம்!"

ஆறுமுகசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க சாமி. வெளிய அத்தனை பேரும் இருக்காங்க. இது தெரிஞ்சா நான் அவிய முன்னால தலை நிமுந்து உக்கார முடியுங்களா?"

அவர் மனைவி காளியாத்தாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, உள்ளதைச் சொல்லீட்டுப் போங்களேன். போலீசுகிட்ட எதுக்கு வெளையாட்டு?"

"நீ உள்ள போ."

மூலையிலிருந்த மிளகு மூட்டையை ஆறுமுகசாமி காலால் முன்னே தள்ளினார். "நம்ம தோட்டத்து மொளகுங்க. மலைத்தேனும் ரெண்டு புட்டி தாரேன். எப்படியாச்சும் என் மானத்தைக் காப்பாத்தோணும்."

"மேலதிகாரிங்க கண்டுபுடிச்சா என் உத்தியோகம் போயிருமுங்க."

"கண்டுபுடிக்காத மாதிரி பண்ணிருங்க. உங்களால ஆகாததுங்களா?"

சின்னராசு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது.

வெளியே அர்த்தனாரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "மூட்டையை நகத்தற சத்தம் கேக்குதுங்க, வாத்தியாரே. ஆளு தப்பிச்சாச்சு."

"வசதி இருந்தா எதுல இருந்தும் வெளிய வந்தரலாமுங்க" என்றார் மருதாசலம், நாற்காலியைப் பார்த்தபடி.

கதவு திறந்தது. முதலில் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, மூட்டையை அவன் தலையில் ஏற்றினார்கள். அடுத்து ஆறுமுகசாமி வந்தார். கையில் விலங்கு.

சபை எழுந்து நின்றது. மூட்டையும் போய் ஆளும் போவது எந்த ஊர் நியாயம் என்று அர்த்தனாரிக்கு விளங்கவில்லை.

"அழுவாதீங்க" என்றார் ஆறுமுகசாமி, யாரும் அழாதபோதே. "படிச்சவனுக்கு இதெல்லாம் சகஜமுங்க. நான் வர்ற வரைக்கும் நாற்காலியில யாரும் உக்காரக் கூடாது."

ஜெயிலுக்குப் போகுமளவு படித்தவர் சபையில் அதுவரை யாரும் இருந்ததில்லை. மருதாசலத்துக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

மலைப்பாதையின் முதல் வளைவு திரும்பி, பலா மரம் கண்ணுக்கு மறைந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

வாங்கிய மிளகுக்கு வஞ்சகமில்லாமல், வாங்குகிறவர் அறுத்துப் படிக்கும்படி அச்சகத்தில் மடித்துவிட்ட மடிப்பு ஒன்றுகூட அறுபடாமல் முழுக்க மூடிக்கிடந்த அந்தப் புத்தகத்தின் பக்கங்களை, கோர்ட்டில் யாரோ படித்ததுபோல் தெரியட்டும் என்று, பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.